பன்னிரண்டாம் வட்டத்துத் தபால்

ஷ்வாமெண்டிங்கன்.
முதல் பனிக்காலம் முழுக்கச் சொல்லிப் பார்த்தோம்,
நாக்கு வழுக்கியது.
யாரோ சாமந்தி என்றார்கள்.
அன்றிலிருந்து சாமந்திதான்:
"எங்கை இருக்கிறியள்?"
"சாமந்தியிலை, மூன்றாம் மாடி."

ஏரியும் வங்கியும் அன்னங்களும்
சூரிச் மலைக்கு அந்தப் பக்கம்.
இந்தப் பக்கம் ஈரநிலம், பசுக்கள், ஒரு தேவாலய மணி.
முப்பத்துநாலில் நகரம் கைநீட்டிச் சேர்த்துக்கொண்டது,
பிறகொரு நாள் எண்ணும் தந்தது.
ஆனாலும் கேட்பார்கள்:
"அங்கேயா? அவ்வளவு தூரமா?"
டிராமில் கால்மணி நேரம்.

அந்த டிராமைப் பற்றி ஒன்று.
சுரங்க ரயில் வருமென்று நம்பி
மண்ணின் வயிற்றைக் குடையத் தொடங்கியவர்களிடம்
வாக்குப்பெட்டி வேண்டாமென்றது.
குடைந்ததை என்ன செய்வது?
நடுவில் நடைமேடை, வண்டிக்கோ வலப்பக்கம் மட்டுமே கதவு.
ஆகவே மூன்று நிறுத்தங்களுக்கு மட்டும்
தண்டவாளம் மாறி இடப்பக்கம் ஓடுகிறது.
விதி வளையாத நாட்டில்!
ஒவ்வொரு முறையும் நான் தனியே சிரிப்பேன்,
பருத்தித்துறை மினிபஸ்ஸின் மச்சான் முறைக்காரன்.

இருபத்தியிரண்டு வருடம் இங்கே தபால் போடுகிறேன்.
இந்த ஊரின் சரித்திரம் எனக்கு இடுப்புயரத்தில்,
தகரப் பெட்டிகளில்:
ஏகெர்ட்டர், அதன் கீழே பெல்லினாட்டோ,
அதன் கீழே ஹோஜா, தெக்லே,
"விளம்பரம் வேண்டாம்", "விளம்பரம் வேண்டாம்".
என் பெயருக்குப் பலகை போதவில்லை,
தியாகசோ வரை வந்து நின்றுவிட்டது.

போருக்குப் பிந்திய வீடுகள்.
வரைந்தவன் தாராளமானவன்,
வரிசைக்கு வரிசை புல், வீட்டுக்கு வீடு ஒரு பாத்தி.
ஏகெர்ட்டர் அம்மாள் உருளைக்கிழங்கு போட்டார்,
ஹோஜா மிளகாய் போட்டார்,
நான் கத்தரி போட்டுத் தோற்றேன்.

நடுவால் போட்டார்கள் நெடுஞ்சாலையை.
நாளொன்றுக்கு லட்சம் கார்.
எண்பதாம் இலக்கம் இந்தக் கரை,
எண்பத்தியிரண்டு அந்தக் கரை,
இடையில் மூத்திரம் நாறும் சுரங்கப்பாதை.
கனவண்டி போனால் கோப்பைக்குள் கரண்டி பேசும்.
விடியலில் விமானம் வேறு, கூரையை எண்ணிக்கொண்டு.
எங்கள் பிள்ளைகள் மற்றப் பள்ளிகளில்
"ஏன் கத்துறாய்?" என்று கேட்கப்பட்டார்கள்.
அந்தச் சத்தம்தான் எங்கள் வாடகைக் கழிவு;
அப்போது அது தெரியவில்லை.

கூட்டம் போட்டார்கள், கையெழுத்து வாங்கினார்கள்,
வாங்கியவர்களில் பாதிப்பேர் செத்தும் போனார்கள்.
கடைசியில் சாலைக்கு மூடி போட்டாயிற்று.
மூடிமேல் மண், மண்மேல் செடி,
செடிக்கிடையில் பெஞ்சு.
முதல் இரவு எனக்கு உறக்கமில்லை.
சுவருக்கு அப்பால் தெக்லே இருமுவது கேட்டது,
பெல்லினாட்டோ தம்பதி பேசிக்கொள்வதே இல்லை என்பதும் கேட்டது.

அமைதிக்குப் பின்னாலேயே அளவுநாடாக்காரர்கள் வந்தார்கள்.
பிறகு பதிவுத்தபால்கள்.
ஒரு வியாழக்கிழமை, ஒரே படிக்கட்டில் பதினொன்று.
தெரியும் எனக்கு, உறையின் சாளரத்திலேயே தெரியும்:
இடிப்பு, புதுக்கட்டடம், வெளியேறும் தேதி.
மணி அடித்தேன். ஹோஜா வேட்டிபோல் துவாய் கட்டிக்கொண்டு வந்து
"நல்ல செய்தியா?" என்றார்.
கையெழுத்துத் திரையை நீட்டினேன்.
பன்னிரண்டாவது தியாகசோதிலிங்கத்துக்கு,
முழுப்பெயர், ஓர் எழுத்துப் பிசகில்லை.
என் கதவுக்கு முன் நின்று
ஒப்படைத்தவனும் பெற்றவனும் ஆகி
விரலால் கிறுக்கினேன்.
கருவி பீப் என்றது. அடுத்த முகவரி.

ஏகெர்ட்டர் அம்மாள் போன வருடமே போய்விட்டார்,
எங்கோ ஒரு முதியோர் இல்லம், மகன் எழுதித் தரவில்லை.
அவர் பாத்தி இப்போது பளு தூக்கி நிற்கும் குழி.
தை பிறந்ததும் விதைப் பட்டியல் மட்டும்
தவறாமல் அவருக்கு வருகிறது.
"முகவரியில் இல்லை" என்று ஒட்டித் திருப்பவேண்டும்.
ஒட்டவில்லை.

மதியம், சாலையின் முதுகில், பெஞ்சில்
அதைப் பிரித்து வைத்துக்கொண்டு சோறு தின்கிறேன்.
பதினேழு வகைக் கீரை.
கத்தரிக்கும் ஒரு வகை இருக்கிறதாம், குளிர் தாங்குமாம்.
சப்பாத்துக்குள் பாதம் மெல்ல அதிர்கிறது,
கீழே யார் யாரோ
வேகமாக எங்கோ போய்க்கொண்டிருக்கிறார்கள்.